வாசலின் உயரம்: சமர்கந்துப் பயணத்தில் கற்றது

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.



சென்ற ஏப்ரல் மாதம் வல்ல அல்லாஹ்வின் அருளால் உஸ்பெகிஸ்தான் நாட்டின் சமர்கந்து நகரில் ஐந்து நாட்கள் தங்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. நாங்கள் மூவரும் ஒரே மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவர்கள். எங்கள் சம்பளத்தில் இப்படியொரு பயணத்தை எண்ணிப் பார்க்கவும் இயலாது. எங்களிடம் சிறுவயதில் ஓதி, இன்று வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் மாணவர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து செலவை ஏற்றுக்கொண்டார்கள். "இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் கித்தாபை எங்களுக்கு முதன்முதலில் காட்டியவர்கள் நீங்கள்தாம். அவர்கள் அடங்கியிருக்கும் மண்ணை நீங்கள் ஒருமுறையாவது பார்த்து வரவேண்டும்" என்று தொலைபேசியில் சொன்னபோது எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

புறப்படும் முன் மத்ரஸா நிர்வாகம் எங்களிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தது. மத்ரஸாவுக்குப் புதுக் கட்டடம் எழுப்பும் வேலை இரண்டு ஆண்டுகளாகப் பேச்சில் இருந்தது. அதன் முகப்பில் 42 அடி உயரத்தில் ஒரு வளைவு வரவேண்டும் என்று முடிவாகியிருந்தது. முதல் வரைபடத்தில் வளைவு 30 அடிதான். பக்கத்து ஊர் மத்ரஸாவின் முகப்பு 38 அடி என்று யாரோ அளந்து வந்து சொன்ன பிறகு, நம்முடையது 42 ஆனது. "சமர்கந்தின் வளைவுகள் உலகப் புகழ் பெற்றவை. எல்லாக் கோணங்களிலும் படம் எடுத்து வாருங்கள், பொறியாளரிடம் கொடுத்து அதேபோல் அமைத்துவிடலாம்" என்றார்கள். நாங்களும் மகிழ்ச்சியோடு தலையசைத்தோம். வரைபடத்தின் நகலொன்றை மடித்துப் பயணப் பையில் வைத்துக்கொண்டோம்.

அந்தத் தலையசைப்பைப் பற்றி எழுதுவதற்காகவே இந்தக் கட்டுரை.

தாஷ்கந்திலிருந்து சமர்கந்துக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும் விரைவு ரயிலில் சென்றோம். ரயிலின் பெயர் அஃப்ரோஸியாப். ஏதோ ஓர் அரசரின் பெயர் போலும் என்று நினைத்துக்கொண்டோம். புராணத்தில் அப்படியோர் அரசர் உண்டுதான். ஆனால் அந்தப் பெயரில் ஓர் ஊரே இருந்தது என்பதும், அதுதான் பழைய சமர்கந்து என்பதும் மறுநாள் காலைதான் எங்களுக்குத் தெரியவந்தது.

நகரின் வடகிழக்கு ஓரத்தில் ஏறத்தாழ 220 ஹெக்டேர் பரப்பில் மேடும் பள்ளமுமாக மண் குன்றுகள் கிடக்கின்றன. அதுதான் அஃப்ரோஸியாப். கிறிஸ்துவுக்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே மக்கள் வாழ்ந்த இடம். மகா அலெக்சாந்தர் கி.மு. 329-ல் கைப்பற்றியதும், குதைபா இப்னு முஸ்லிம் அவர்களின் படை கி.பி. 712-ல் நுழைந்ததும் இந்த நகருக்குள்தான். பட்டு வணிகர்கள் பல மொழிகளில் பேரம் பேசிய வீதிகள் இங்குதான் இருந்தன. உள்ளே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1965-ல் சாலை போடத் தோண்டியபோது வெளிப்பட்ட ஏழாம் நூற்றாண்டுச் சுவரோவியங்களை அதில் வைத்திருக்கிறார்கள். பல நாட்டுத் தூதர்கள் காணிக்கைகளோடு வரிசையில் நிற்கும் காட்சி அது.

அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வந்து மேட்டில் ஏறினோம். பசும்புல்லும் இடையிடையே செந்நிறக் காட்டுப் பூக்களும் முளைத்திருந்தன. ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. காலடியில் மட்பாண்டச் சில்லுகள். அதைத் தவிர ஒரு நகரம் இருந்ததற்கான அடையாளமாகக் கண்ணுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. 1220-ல் செங்கிஸ்கானின் படை வந்தது. ஈயத் தகடு பதித்த கால்வாய் ஒன்றுதான் அந்த மேட்டு நகரத்துக்குத் தண்ணீர் தந்துகொண்டிருந்தது. அதுவும் அழிந்தது. தண்ணீர் போனபின் மக்கள் திரும்பி வந்து குடியேறவில்லை. புதிய நகரம் தெற்கே எழுந்தது. பழைய நகரம் மண்ணாயிற்று. முன்னிருந்தோரின் முடிவைப் பூமியில் நடந்து சென்று பாருங்கள் என்று திருக்குர்ஆன் பல இடங்களில் அழைப்பதை எத்தனையோ முறை பயான்களில் சொல்லியிருக்கிறோம். சொல்லும்போது இல்லாத ஒரு நடுக்கம், அந்த ஆட்டு மந்தையின் நடுவே நின்றபோது வந்தது.

எங்களில் மூத்தவர் ஓர் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். கால் வலிக்கிறதா என்று கேட்டோம். "இல்லை. உமர் நஸஃபி (ரஹ்) அவர்கள் வாழ்ந்த சமர்கந்து இதுதானே என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். அபூஹஃப்ஸ் உமர் நஸஃபி அவர்கள் இஸ்லாமியக் கொள்கைகளைச் சில பக்கங்களில் அடக்கி எழுதிய சிறு நூல் 'அகாயிதுன் நஸஃபிய்யா'. அதற்கு இமாம் தஃப்தாஸானி எழுதிய விரிவுரை இன்றும் தமிழகத்தின் அரபிக் கல்லூரிகளில் பாடநூலாக இருக்கிறது. நாங்கள் மூவரும் அதை ஓதியவர்கள். நஸஃபி அவர்கள் சமர்கந்தில் மறைந்தது 1142-ல். அதற்கு எழுபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நகரமே மறைந்துவிட்டது. அவர் பாடம் நடத்திய இடமும், அவர் வீட்டு முற்றமும், அவர் நடந்த வீதியும் இந்தப் புல்லுக்கு அடியில் எங்கோ கிடக்கலாம். ஆனால் அவர் எழுதிய சில பக்கங்கள் ஆமு நதியைக் கடந்து, கைபர் கணவாயைக் கடந்து, வேலூருக்கும் காயல்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் வந்து, எங்கள் ஊரின் ஓட்டுக் கூரைக்குக் கீழே பாயில் உட்கார்ந்திருந்த எங்கள் மடிக்கும் வந்து சேர்ந்தன.

அவற்றைச் சுமந்து வந்தவர்கள் யார்? ஒருவரிடம் ஓதிய மாணவர், அவரிடம் ஓதிய மாணவர், அவரிடம் ஓதிய மாணவர். அவ்வளவுதான்.

அப்போது எங்கள் மூவர் மனத்திலும் ஒரே முகம்தான் வந்து நின்றது என்பதைப் பிறகு பேசியபோது அறிந்துகொண்டோம். எங்களோடு பதினோரு ஆண்டுகள் பணியாற்றிய ஓர் இளைய உஸ்தாதின் முகம் அது. அஸருக்குப் பின் நடக்கும் மக்தபில் அலிஃப், பா, தா தொடங்கும் பிள்ளைகளை அவரிடம்தான் விடுவோம். அழுதுகொண்டு வரும் பிள்ளையை அரை மணி நேரத்தில் சிரித்துக்கொண்டு ஓத வைப்பார். ஒன்பதாயிரம் ரூபாய் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர். இரண்டாவது குழந்தை பிறந்தபோது இரண்டாயிரம் கூட்டித் தரக் கேட்டார். நிர்வாகம் எங்கள் கருத்தைக் கேட்டது. "கட்டட வேலை தொடங்கும் நேரம். முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னது நிர்வாகமல்ல, நாங்கள். அவரிடம் போய், "பொறுமையாக இருங்கள் தம்பி, அல்லாஹ் பரக்கத் செய்வான்" என்றும் சொன்னோம். அவர் எதுவும் பேசவில்லை. ரமளானுக்குப் பின் வரவில்லை. பக்கத்து நகரில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதுகிறார் என்று கேள்விப்பட்டோம். நாற்பத்து மூன்று பிள்ளைகள் இருந்த மக்தபில் பத்தொன்பது பேர் மீந்தார்கள்.

பிற்பகலில் பீபி கானிம் பள்ளிவாசலுக்குப் போனோம். அமீர் தைமூர் 1398-ல் டெல்லியைச் சூறையாடித் திரும்பிய மறு ஆண்டே தொடங்கிய கட்டடம். இந்தியாவிலிருந்து பிடித்து வந்த யானைகளைக் கொண்டு கற்களை இழுத்தார்கள். உலகில் இதைவிடப் பெரிய பள்ளிவாசல் இருக்கக் கூடாது என்ற வேகத்தில் ஐந்தாண்டுகளில் எழுப்பிவிட்டார்கள். முகப்பு வளைவின் கீழே நின்று அண்ணாந்தால் தொப்பி பின்னால் விழுகிறது. அப்படியோர் உயரம். நாங்கள் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினோம். வந்த வேலை அதுதானே.

எங்களை அழைத்துச் சென்ற வழிகாட்டி ஓர் இளைஞர். கொஞ்சம் ஆங்கிலமும் கொஞ்சம் அரபியும் பேசுவார். "இந்த வாசலுக்கு ஒரு கதை உண்டு" என்று தொடங்கினார். 1404-ல் ஸ்பெயின் நாட்டுத் தூதராக வந்த கிளாவிகோ தம் பயணக் குறிப்பில் எழுதியிருப்பது அது. போரிலிருந்து திரும்பிய தைமூர், கட்டி முடித்திருந்த வாசலைப் பார்த்து, "இது தாழ்வாக இருக்கிறது" என்று இடிக்கச் சொல்லிவிட்டாராம். மீண்டும் உயரமாகக் கட்ட உத்தரவிட்டு, உடல் தளர்ந்த நிலையிலும் பல்லக்கில் வந்து உட்கார்ந்து வேலையை முடுக்கினாராம். குழிக்குள் நின்று வேலை செய்தவர்களுக்கு மேலிருந்து இறைச்சித் துண்டுகளையும் காசுகளையும் எறிந்தாராம். மறு ஆண்டு பிப்ரவரியில், சீனா மீது படையெடுத்துச் செல்லும் வழியில், அவர் இறந்துபோனார். அவசரத்தில் எழுப்பிய கட்டடத்திலிருந்து சிறிது காலத்திலேயே செங்கற்கள் உதிரத் தொடங்கின. தொழ வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. நூற்றாண்டுகள் கடந்து, 1897-ல் வந்த நிலநடுக்கம் மீதியையும் குலைத்தது. நாங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தது இருபதாம் நூற்றாண்டில் திருப்பிக் கட்டிய வளைவு.

"தாழ்வாக இருக்கிறது என்று இடித்தார்" என்று அந்த இளைஞர் சொன்னபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பையில் இருந்த வரைபடத்தில் 30 என்ற எண்ணைச் சிவப்பு மையால் அடித்து 42 என்று எழுதியிருப்பது மூவருக்கும் தெரியும்.

பள்ளிவாசலின் முற்றத்தில் பளிங்குக் கல்லால் ஆன மாபெரும் ரைஹால் ஒன்று இருக்கிறது. குர்ஆனை வைத்து ஓதும் பலகையை நம் வீடுகளில் மரத்தில் வைத்திருப்போமே, அதே வடிவம். ஆனால் பல ஆட்கள் ஏறி நிற்கக்கூடிய அளவு. தைமூரின் பேரர் உலூக் பேக் காலத்தில் மிகப் பெரிய குர்ஆன் பிரதி ஒன்றுக்காகச் செய்து வைத்தது என்கிறார்கள். இன்று அதன் மேல் குர்ஆன் இல்லை. வெயில் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் மக்தபில் ரைஹால்களின் நிலை நினைவுக்கு வந்தது. பாதிக்கு மேல் கீல் உடைந்தவை. பிள்ளைகள் முழங்காலில் வைத்து ஓதுகிறார்கள்.

மறுநாள் ரெகிஸ்தான் சதுக்கம். மூன்று பக்கம் மூன்று மத்ரஸாக்கள். உலூக் பேக் 1417 முதல் 1420 வரை கட்டியது ஒன்று. 1619-ல் தொடங்கி 1636-ல் முடிந்த ஷேர்தார் ஒன்று. அதன்பின் எழுந்த தில்லாகாரி ஒன்று. நீல ஓடுகளும் பொன்வேலைப்பாடும் கண்ணை நிறைத்தன. அல்லாஹ் மனிதக் கைக்குக் கொடுத்த ஆற்றலை நினைத்து 'ஸுப்ஹானல்லாஹ்' என்று சொல்லாமல் அங்கே நிற்க முடியாது. அழகு வீண் என்று சொல்ல நாங்கள் வரவில்லை.

ஆனால் நாங்கள் மத்ரஸாக்காரர்கள். எந்த மத்ரஸாவுக்குள் நுழைந்தாலும் எங்கள் கண் மாணவர்கள் தங்கும் ஹுஜ்ராக்களைத்தான் தேடும். முற்றத்தைச் சுற்றிலும் சிறு சிறு அறைகள். தாழ்ந்த வாசல்கள். காழிஸாதா ரூமி போன்ற கணித மேதைகள் பாடம் நடத்திய இடம். ஒவ்வோர் அறைக்குள்ளும் எட்டிப் பார்த்தோம். ஒன்றில் பட்டுத் துப்பட்டாக்கள், ஒன்றில் பூவேலைத் துணிகள், ஒன்றில் தொப்பிகளும் பீங்கான் கிண்ணங்களும் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஹதீஸும் வானியலும் மனப்பாடம் செய்த குரல்கள் எழுந்த அறைக்குள்ளிருந்து ஒரு பெண்மணி அன்போடு, "வாருங்கள், விலை குறைவு" என்று அழைத்தார். அவர் மீது குறையில்லை. அவரும் பிள்ளைகளுக்காக உழைப்பவர்தாம். ஆனால் வளைவு அப்படியே நிற்கிறது, ஓடு மின்னுகிறது, பயணிகள் வரிசையில் நிற்கிறார்கள், உள்ளே உஸ்தாதும் இல்லை, மாணவரும் இல்லை. ஒரு மத்ரஸா இப்படியும் பிழைத்திருக்க முடியும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தோம்.

அதே உலூக் பேக் கட்டிய வானாய்வு மையத்துக்கும் போனோம். 1449-ல், சொந்த மகனின் ஏற்பாட்டிலேயே அவர் கொல்லப்பட்டார். அதன்பின் வானாய்வு மையமும் அழிந்து, இருந்த இடமே தெரியாமல் போயிற்று. 1908-ல் வியாத்கின் என்ற தொல்லியலாளர் தோண்டி எடுக்கும் வரை அப்படியே கிடந்தது. விண்மீன்களின் உயரத்தை அளக்க அமைத்திருந்த மாபெரும் வட்டவில்லின் அடிப்பகுதி மட்டும் நிலத்துக்குள் மிஞ்சியிருக்கிறது. ஆனால் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை அளந்து எழுதிய அட்டவணை அழியவில்லை. அவருடைய மாணவர் அலி குஷ்ஜி பின்னர் இஸ்தான்புல் வரை சென்று அந்த அறிவைப் பரப்பினார். 1665-ல் அந்த அட்டவணை ஆக்ஸ்ஃபோர்டில் அச்சேறியது. இங்கும் கட்டடம் போயிற்று. மாணவர் கையில் இருந்தது தப்பியது.

நான்காம் நாள் ஹர்தங். சமர்கந்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிற்றூர். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் அடங்கியிருக்கும் இடம்.

ஹிஜ்ரி 194-ல் புகாரா நகரில் பிறந்தவர்கள். தந்தையைச் சிறுவயதிலேயே இழந்து, தாயின் வளர்ப்பில் ஓதியவர்கள். மக்கா, மதீனா, பஸ்ரா, கூஃபா, பக்தாத், சிரியா, எகிப்து என்று நபிமொழிகளைத் தேடி அலைந்தவர்கள். பதினாறு ஆண்டுகள் உழைத்து ஸஹீஹுல் புகாரியைத் தொகுத்தார்கள். ஒவ்வொரு ஹதீஸையும் எழுதும் முன் குளித்து, இரண்டு ரக்அத் தொழுதுவிட்டே எழுதியதாக அறிவிப்பு இருக்கிறது. தைமூரின் பள்ளிவாசலுக்கு ஐந்தாண்டு, இந்தக் கித்தாபுக்குப் பதினாறு ஆண்டு என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது.

அவர்களின் இறுதிக் காலம் மிகவும் வேதனையானது. அரண்மனைக்கு வந்து தம் பிள்ளைகளுக்குத் தனியாக ஓதிக்கொடுக்குமாறு புகாராவின் ஆளுநர் கேட்டார். கல்வியை வாசல் வாசலாகச் சுமந்து சென்று மலிவாக்க அவர்கள் இசையவில்லை. வேண்டுமென்றால் பள்ளிவாசலுக்கோ என் வீட்டுக்கோ வந்து எல்லோரோடும் உட்காரட்டும் என்ற கருத்தில் பதில் சொல்லி அனுப்பினார்கள். விளைவு, பிறந்த ஊரை விட்டே வெளியேற வேண்டி வந்தது. இந்தச் சிற்றூரில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, ஹிஜ்ரி 256-ல், நோன்புப் பெருநாள் இரவில் அவர்களின் உயிர் பிரிந்தது. கட்டடம் எதையும் அவர்கள் விட்டுச் செல்லவில்லை. தங்கியிருந்த வீடுகூட அவர்களுடையதல்ல.

இன்று அங்கே மிகப் பெரிய வளாகம் எழுப்பியிருக்கிறார்கள். இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். நாங்கள் சலாம் சொல்லி, நபிவழிப்படி அவர்களுக்காக துஆச் செய்தோம். பிறகு ஓர் ஓரமாக உட்கார்ந்து, அவர்கள் கித்தாபின் முதல் ஹதீஸை எங்கள் ஸனதோடு மெதுவாக ஓதினோம். எங்கள் உஸ்தாதின் பெயர், அவருடைய உஸ்தாதின் பெயர் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிச் சென்று, எங்கள் முன்னால் அடங்கியிருப்பவரின் பெயரில் வந்து நின்றபோது குரல் உடைந்துவிட்டது. எங்களுக்கும் அவருக்கும் நடுவே இருப்பது மனிதர்களின் வரிசை. அதில் ஒருவர் விலகியிருந்தாலும் எங்களுக்கு அந்தக் கித்தாப் இப்படிக் கிடைத்திருக்காது.

அந்த முதல் ஹதீஸ் எதைப் பற்றியது என்பது உங்களுக்குத் தெரியும். நிய்யத்தைப் பற்றியது. நாற்பது வயதைக் கடந்த நாங்கள் எத்தனை நூறு முறை பிள்ளைகளுக்கு அதை விளக்கியிருப்போம்! 30 அடியை 42 அடியாக்கியபோது எங்கள் நிய்யத் என்னவாக இருந்தது? கூடுதலான பன்னிரண்டு அடி யாருக்காக? அதில் ஒரு பிள்ளையாவது உட்கார்ந்து ஓதுமா? இரண்டாயிரம் ரூபாய்க்கு நாங்கள் வரிசையிலிருந்து இறக்கிவிட்டவர், யாருக்குத் தெரியும், எந்தப் பிள்ளையின் ஸனதில் வரவேண்டிய பெயரோ!

திரும்பிய அன்றிரவு தங்கியிருந்த வீட்டில் இதைப் பற்றி உரக்கவே பேசிக்கொண்டிருந்தோம். அந்த வீட்டு மூதாட்டி பேரனிடம் ஏதோ கேட்டு, எங்கள் வேலையை அறிந்துகொண்டு, அருகில் வந்து உட்கார்ந்தார். அவர் பிறந்து வளர்ந்தது சோவியத் ஆட்சிக் காலத்தில். மத்ரஸாக்களும் பெரும்பாலான பள்ளிவாசல்களும் மூடப்பட்டிருந்த காலம். "நான் பாத்திஹா ஓதக் கற்றது ஓர் ஓதின் ஆயியிடம்" என்றார். பெண் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே குர்ஆன் சொல்லிக்கொடுக்கும் பெண்களுக்கு அங்கே ஓதின் என்று பெயர். அந்தச் சொல் காதில் விழுந்ததும் திடுக்கிட்டோம். நம் 'ஓதுதல்' என்ற சொல்லுக்கும் அதற்கும் உறவு இருப்பதாகச் சொல்ல வரவில்லை. இருந்தாலும், ஓதிக்கொடுக்கும் பெண்ணை ஓதின் என்று ஒரு தமிழ் முஸ்லிம் காதில் சொன்னால் விளக்கமா தேவைப்படும்? சன்னலைச் சாத்திவிட்டு, விருந்துக்கு வந்தவர்கள் போல் உட்கார்ந்து, புத்தகம் இல்லாமலே வாய்வழியாகப் பாடம் கேட்டதாக அந்த மூதாட்டி சொன்னார். வளைவும் இல்லை, பலகையும் இல்லை, பெயர்ப் பலகையும் இல்லை. தமக்கு ஓதிக்கொடுத்தவரின் பெயரைச் சொல்லி துஆச் செய்யும்போது அவர் கண்கள் நிறைந்தன.

எங்களில் இளையவர், "அப்படியானால் கட்டடமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?" என்று கேட்டார். பேரன் குறுக்கிட்டார். புகாராவில் மீர் அரபு மத்ரஸா என்று பதினாறாம் நூற்றாண்டுக் கட்டடம் ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குப் பின் அதை மீண்டும் திறக்க சோவியத் அரசு இசைந்தது. நீண்ட காலம் அந்தப் பெரிய நாடு முழுமைக்கும் பெரும்பாலான இமாம்கள் அந்த ஒரு கட்டடத்தில்தான் உருவானார்கள். "அது இருந்திராவிட்டால் எங்களுக்கு ஜனாஸா தொழவைக்கவும் ஆள் கிடைத்திருக்காது" என்றார் அவர். உண்மைதான். கூரை வேண்டும். மழையில் பிள்ளைகள் நனையக் கூடாது. பள்ளிவாசலும் மத்ரஸாவும் கட்டுவது ஸதகத்துல் ஜாரியா. ஆனால் எதற்காகக் கூரை என்பதை மறந்தபிறகு எவ்வளவு உயர்த்தினாலும் அது ரெகிஸ்தானின் அறைகளைப் போல்தான் முடியும். அன்றிரவு மூவரும் இதில் ஒத்துப்போனோம்.

கடைசி நாள், ஊருக்கு வெளியே உள்ள கோனிகில் என்ற கிராமத்துக்குப் போனோம். முசுக்கட்டை மரப்பட்டையை ஊறவைத்து, ஓடைநீர்ச் சக்கரத்தால் இடித்து, பழைய முறையில் காகிதம் செய்கிறார்கள். ஒரு காலத்தில் சமர்கந்துக் காகிதம் முஸ்லிம் உலகெங்கும் பெயர் பெற்றிருந்தது. வெளிர் மஞ்சளில், தொட்டால் துணிபோல் இருக்கும் தாள் ஒன்றை வாங்கிக்கொண்டோம். யாருக்கு என்று பேசிக்கொள்ளவில்லை. மூவருக்கும் தெரியும்.

ஊர் வந்த இரண்டாம் நாள் அந்த மளிகைக் கடைக்குப் போனோம். துவரம் பருப்பு மூட்டைக்குப் பின்னால் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க ஹஜ்ரத்" என்று முக்காலியைத் துடைத்துப் போட்டார். பயணத்தைப் பற்றி ஆவலோடு கேட்டார். ஹர்தங்கில் ஸனதோடு ஓதியதைச் சொன்னபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எங்களில் மூத்தவர் தாளை அவர் கையில் கொடுத்து, "தம்பி, உங்கள் ஹக்கை நாங்கள் தடுத்துவிட்டோம். பொறுமையைப் போதிக்க வேண்டிய இடம் அதுவல்ல. எங்களை மன்னித்து ஹலாலாக்கிவிடுங்கள்" என்றார். கடைக்காரர் காதில் விழும் என்றும் பார்க்கவில்லை. அந்த உஸ்தாத் தாளைத் தடவிக்கொண்டே வெகுநேரம் இருந்தார். "அன்றைக்கே மன்னித்துவிட்டேன் ஹஜ்ரத். ஆனால் வீட்டு வாடகைக்கு அது தெரியாதே" என்றார்.

அதற்குப் பதில் சொல்ல நிர்வாகக் கூட்டத்துக்குத்தான் போகவேண்டியிருந்தது. பார்த்ததையெல்லாம் சொன்னோம். எங்கள் பிழையையும் சொன்னோம். வளைவைப் பழைய 30 அடிக்கும் கீழே குறைத்து, மிஞ்சும் தொகையை உஸ்தாதுகளின் சம்பளத்துக்கென்று தனியாக வைக்கவேண்டும் என்றோம். கூட்டம் அமைதியாக ஏற்றுக்கொண்டது என்று எழுதினால் பொய்யாகும். "படம் எடுத்து வரச் சொன்னால் எங்களுக்கே பாடம் எடுக்க வந்துவிட்டீர்களா?" என்று ஒரு பெரியவர் கோபித்தார். வளைவில் தம் தந்தையின் பெயரைப் பொறிக்க விரும்பியிருந்த ஒரு செல்வந்தர் தம் நன்கொடையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவர் மனம் நொந்தது எங்களுக்கும் வருத்தமே. மூன்று கூட்டங்களுக்குப் பிறகு வகுப்பறைகள் முதலில், வளைவு பிறகு என்று முடிவாயிற்று. வளைவின் உயரத்தைப் பற்றி இன்னும் முடிவாகவில்லை.

இளைய உஸ்தாத் இப்போது வாரத்தில் நான்கு நாட்கள் அஸருக்குப் பின் வருகிறார். கடை வேலையை முழுவதும் விட அவருக்கு இன்னும் துணிவில்லை. அவரைக் குறை சொல்லும் தகுதி எங்களுக்கும் இல்லை. பிள்ளைகள் முப்பத்தொருவர் ஆகியிருக்கிறார்கள். வளைகுடாவிலிருக்கும் பழைய மாணவர்கள் செய்தியறிந்து, புது ரைஹால்கள் வாங்கப் பணம் அனுப்பியிருக்கிறார்கள்.

இதைப் படிக்கும் குடும்பங்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் மஹல்லாவில் உங்கள் பிள்ளைக்கு அலிஃப் சொல்லிக்கொடுக்கும் உஸ்தாதுக்கு என்ன சம்பளம் என்று இந்த வாரம் விசாரித்துப் பாருங்கள். பள்ளிவாசலின் மினாரா எத்தனை அடி என்பது நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கிறது. இது தெரிவதில்லை.

எங்கள் பிழைகளை வல்ல அல்லாஹ் மன்னிப்பானாக. எங்களுக்கு ஓதிக்கொடுத்தவர்களின் கப்ருகளை ஒளியாக்குவானாக. நமக்குப் பின்னும் ஓதிக்கொடுப்பவர்களின் வரிசையை அறுபடாமல் காப்பானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.